"வீடு எனக்கே வேணும்": வீட்டுக்காரர், குடித்தனக்காரர் கேள்வி பதில்

மதுரையில் வாடகை வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவர் பதில் சொல்கிறார்.

திருநகர்: மகனுக்குக் கல்யாணம். மாடி வீட்டில் குடியிருப்பவர் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்கிறார். காலி பண்ண வைக்க முடியுமா சார்?

முடியும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிற 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில், உரிமையாளருக்கோ குடும்பத்தாருக்கோ வீடு தேவை என்பதே வெளியேற்ற ஒரு காரணம். அதைச் சொல்லி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடணும். முதலில் ஒப்புகையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். "சொந்தத் தேவை" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். யாருக்கு, எதற்கு, இப்போது இருக்கும் இடம் ஏன் பத்தாது, மூன்றையும் எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகை, இரண்டு அறையில் ஆறு பேர் பெயர் இருக்கிற ரேஷன் கார்டு, இதெல்லாம் நாலு பக்க வாதத்தைவிடப் பேசும். நோட்டீஸுக்கு அப்புறம் வாடகை வாங்கினால், "என் உரிமைக்குப் பங்கமில்லாமல்" என்று எழுத்தில் சொல்லிட்டு வாங்குங்கள்.

கரண்ட்டை, தண்ணியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கே.கே.நகர்: எனக்கு இதே ஊரில் இன்னொரு வீடு இருக்கு. அதனால் கேட்க முடியாதுன்னு சொல்றாங்களே?

அது பழைய 1960 வாடகைச் சட்டத்துப் பேச்சு, இப்போது அந்தச் சட்டம் இல்லை. அதற்காக அந்த இன்னொரு வீட்டை மறைக்காதீர்கள், எதிர்த்தரப்பு வீட்டு வரி ரசீதோடு வந்து நிற்பார். "அது ஏன் பத்தாது?" என்ற கேள்வி வரும். அப்பாவால் படி ஏற முடியாது, இந்த வீடு தரைத்தளம் என்றால் டாக்டர் சீட்டோடு சொல்லுங்கள். தன் தேவையைத் தீர்மானிக்கிறவர் வீட்டுக்காரரே என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியிருக்கு. ஆனால் தேவை நிஜமாக இருக்கணும். கூடுதல் வாடகைக்கு ஆள் பார்த்து வைத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

அவனியாபுரம்: பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு குடித்தனக்காரருக்கே போயிடுமா?

போகாது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு அந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கு பொருந்தாது.

செல்லூர்: பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிஞ்சிருச்சு, ஆளைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியணும். சாமானைத் தெருவில் வைத்தீர்கள் என்றால் நீங்கள்தான் ஸ்டேஷனுக்கு அலைவீர்கள்.

மேலமாசி வீதி: கோயில் கட்டடத்தில் கடை வைத்திருக்கிறோம்.

இந்தச் சட்டம் கோயில் சொத்துக்குப் பொருந்தாது. அறநிலையத் துறை ஆட்களைப் பாருங்கள்.

ஒத்தக்கடை: ஒத்திக்கு விட்ட வீடு அண்ணே. அஞ்சு லட்சம் வாங்கினேன், வாடகை கிடையாது. இப்ப எனக்கே வீடு வேணும்.

இதற்கு வாடகை நீதிமன்றம் போகாதீர்கள். ஒத்தி வாடகையே இல்லை, அனுபவ அடமானம்; அதாவது கொடுத்த பணத்துக்கு வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "வாங்கிக்கோங்க, சாவியைக் கொடுங்க" என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அடமானத்தை மீட்கும் வழக்கு, சிவில் கோர்ட்டில்.

குறுக்கே, மேலூர்: எங்க தெருவுல எல்லாரும் இருபது ரூபா பத்திரத்துல எழுதி நோட்டரி கையெழுத்து வாங்குறோம். ஒண்ணும் ஆகலையே?

சண்டை வரலை, அதனால் ஒண்ணும் ஆகலை. நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றாலே ஒத்தியைப் பதிவு செய்யணும், சொத்து மாற்றுச் சட்டம் 59-ஆவது பிரிவு. பதியாவிட்டால் அடமானமே உருவாகாது.

மேலூர்: அப்ப ஒத்திக்கு வந்தவனைச் சும்மா அனுப்பிடலாமே!

எப்படி அனுப்புவீர்கள்? அவர் அஞ்சு லட்சத்தை யார் கொடுப்பது? பதிவு இல்லாவிட்டாலும் வாங்கிய பணம் கடன்தான். வீட்டுக்காரர் நிறையப் பேர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கோ இன்னொரு வீட்டு அட்வான்ஸுக்கோ செலவழித்துவிட்டுத்தான் "எனக்கே வேணும்" என்று வருகிறார்கள். அடுத்த ஒத்திக்காரர் கொடுத்தால்தான் இவருக்குத் திருப்ப முடியும். அப்புறம் சொந்தத் தேவை எங்கே இருக்கு?

திருமங்கலம்: பத்து மாச அட்வான்ஸ் வாங்கியிருக்கேன், பரவாயில்லையா?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்சம். காலி பண்ணும்போது கழிவு போக மீதியைக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணாநகர்: சார், கரண்ட்டை மட்டும் ரெண்டு நாள்…

மேலே திருநகருக்குச் சொன்ன பதிலைப் படிங்க.