அம்மா மட்டும் ரூம்லயே இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே

கேள்வி: எனக்கு 38 வயசு. நான், மனைவி, ரெண்டு பசங்க, 71 வயசு அம்மான்னு அஞ்சு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவை எங்கயாவது வெளியூர் போயிட்டு வருவோம். முன்னாடி எல்லாம் எந்த மாசம் எங்க போனா நல்லா இருக்கும்னு தெரியும், இப்போ எதையுமே நம்ப முடியல. முந்தின வருஷம் மழை சீசன் முடிஞ்சிருச்சுன்னு கிளம்பினா மூணு நாளும் மழை. போன வருஷம் வெயில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிடலாம்னு போனோம், போன இடத்துல தாங்க முடியாத வெயில், அம்மா மட்டும் மூணு நாளும் ரூம்லயே இருந்தாங்க, நல்லவேளை ப்ளான் போட்ட இடம் எல்லாத்தையும் நாங்க பாத்து முடிச்சிட்டோம். இந்த தடவை ரெண்டு மாசம் முன்னாடியே வெதர் ஆப்ல பாத்து தேதி முடிவு பண்ணி, ரேட் கம்மியா இருக்கேன்னு ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டே போட்டுடலாம்னு இருக்கேன். எந்த மாசம் போனா ரிஸ்க் இருக்காது?

பதில்: தம்பி, உங்க கேள்விய ஒரு தடவை படிச்சேன், நடுவுல போற போக்குல எழுதின அந்த ஒரு வரிய நாலு தடவை படிச்சேன். அம்மா மூணு நாளும் ரூம்ல இருந்தாங்கன்னு எழுதிட்டு ஒரு கமா போட்டு அடுத்த வார்த்தையே நல்லவேளைன்னு எழுதியிருக்கீங்க. மழைல மாட்டின முந்தின வருஷத்த ட்ரிப் கெட்டுப்போச்சுங்கற கணக்குல வெச்சிருக்கீங்க, ஏன்னா அப்போ உங்களால எதையும் பாக்க முடியல. அம்மா ரூம்ல கெடந்த வருஷத்த மட்டும் எப்படியோ தப்பிச்ச வருஷமா எழுதறீங்க. எனக்கு இதுல ரெண்டாவது வருஷம்தான் கெட்டுப்போன வருஷம்.

அஞ்சு பேர் கிளம்பினீங்க, நாலு பேர் தான் ஊர் பாத்தீங்க. அவங்க தன்னோட வீட்ட விட்டு, தன்னோட கட்டில விட்டு, பேச்சுத் துணைக்கு இருக்கற பக்கத்து வீட்டு ஆள விட்டு, அத்தனை மணி நேரம் கால தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, தெரியாத ஊர்ல ஒரு ரூம்ல கதவ சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மூணு நாள். முதல் நாள் உங்களுக்கு தெரியல, சரி, ரெண்டாவது நாள் காலைல தெரியும்ல?

அம்மாவே தான் நீங்க போயிட்டு வாங்கன்னு சொன்னாங்கன்னு நீங்க சொல்வீங்க. எனக்கு இது புதுசு இல்ல, மகன், மகள், மருமகள்னு வருஷக்கணக்கா எல்லாரும் இதையே தான் எழுதறாங்க. நானும் அப்படி நம்பினவ தான். பல வருஷம் முன்னாடி ஒரு இடத்துக்கு குடும்பமா போயிருந்தோம், நிறைய படி, எங்க அம்மா நான் கீழயே இருக்கேன், நீங்க ஏறிட்டு வாங்கன்னாங்க. ஏறிட்டோம். ஒன்றரை மணி நேரம் கழிச்சு எறங்கினா, நடுவுல ஒரு மழை பெஞ்சு விட்டிருக்கு, மேல நாங்க மண்டபத்துல இருந்ததால பெருசா தெரியல. அம்மா ஒரு சின்ன ஓட்டு விளிம்புக்கு கீழ, எங்க எல்லாரோட பையையும் நனையாம மடில வெச்சுக்கிட்டு, ஒரு பக்கம் முழுசா நனைஞ்சு உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, நல்லா பாத்தீங்களா? அவங்க இப்ப இல்ல. போயிட்டு வாங்கன்னு சொல்றது அவங்க வேலை, அத கேட்டுட்டு போகாம நிக்கறது தான் புள்ளைங்க வேலைன்னு எனக்கு புரியறதுக்கு ரொம்ப லேட் ஆயிடுச்சு.

இன்னொன்னு, அம்மா அங்க ஆசைப்பட்டு ரூம்ல இருக்கல, அவங்க உடம்பு வெளிய போக விடல. எழுபது தாண்டின உடம்புல வியர்வை கம்மியா தான் வரும், உடம்புல தண்ணி கொறஞ்சாலும் தாகம் லேட்டா தான் தெரியும், பிபிக்கு எடுத்துக்கற சில மாத்திரை தண்ணிய இன்னும் வெளிய தள்ளும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா வர்ற வியர்வையும் காயாது, காஞ்சா தான் உடம்பு குளிரும். உங்களுக்கு கசகசன்னு இருக்கற வெயில் அவங்களுக்கு ஆபத்தா இருக்கும். 2024 ஜூன்ல ஹஜ் நேரத்துல மெக்கால 50 டிகிரிய தாண்டிச்சு, 1301 பேர் இறந்தாங்கன்னு சவுதி அரசே சொல்லிச்சு, அதுல பெரும்பாலானவங்க நிழல் இல்லாம ஒதுங்க இடம் இல்லாம ரொம்ப தூரம் வெயில்ல நடந்தவங்க, வயசானவங்களும் அதுல இருந்தாங்க. அதனால அம்மா ரூம்ல இருந்தது சரியான முடிவு தான். அவங்கள தனியா விட்டுட்டு நீங்க லிஸ்ட்ட முடிக்கப் போனது தான் தப்பு.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். ரிஸ்க் இல்லாத மாசம்னு ஒன்னு கிடையாது, யாராவது இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க.

இந்த மாசம் நல்லா இருக்கும்னு எல்லாரும் சொல்றது முப்பது வருஷ சராசரிய வெச்சு, இப்போ பொதுவா பயன்படுத்தறது 1991ல இருந்து 2020 வரைக்கும் உள்ள கணக்கு. சராசரி பொய் சொல்லாது ஆனா எல்லாத்தையும் சொல்லாது. ஒரு மாசத்துக்கு 100 மில்லிமீட்டர் மழைன்னு போட்டிருக்கும், அது பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா பெஞ்சாலும் 100 தான், ரெண்டே நாள்ல கொட்டித் தீத்தாலும் 100 தான், போறவங்களுக்கு ரெண்டும் ஒன்னா? காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவிய பிடிச்சு வெச்சுக்கும், அதனால பெய்யும்போது மொத்தமா கொட்டுது. 2024ஆம் வருஷம் தொழிற்புரட்சிக்கு முந்தின காலத்த விட கிட்டத்தட்ட 1.55 டிகிரி அதிக சூடுன்னு உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கு. அதே வருஷம் ஏப்ரல் 16ஆம் தேதி பாலைவன ஊரான துபாய்ல ஒரு வருஷத்து மழைய விட அதிகமா ஒரே நாள்ல கொட்டி, ஏர்போர்ட் ரன்வே தண்ணில நின்னுச்சு. ஜப்பான்ல கியோட்டோ ஊர்ல செர்ரி பூ பூக்கற தேதிய கிட்டத்தட்ட 1200 வருஷமா குறிச்சு வெச்சிருக்காங்க, 2021ல மார்ச் 26லயே முழுசா பூத்து, அதுவரைக்கும் இருந்த அத்தனை வருஷ குறிப்புலயும் அது தான் ரொம்ப முந்தின தேதி ஆயிடுச்சு. ஏப்ரல்னு நம்பி டிக்கெட் போட்டவங்க கெட்டிக்காரங்களா இல்லையாங்கறது அங்க பேச்சே இல்ல, பூ அவங்கள கேட்டு பூக்கல.

அந்த ரெண்டு மாசம் முன்னாடி பாக்கற வெதர் ஆப் விஷயத்த இன்னைக்கே விட்டுடுங்க. எட்வர்ட் லோரன்ஸ்னு ஒரு வானிலை விஞ்ஞானி 1960கள்லயே காமிச்சுட்டாரு, ஆரம்பத்துல இருக்கற துளி வித்தியாசம் பெருகிப் பெருகி சுமார் ரெண்டு வாரத்துக்கு மேல நாள் கணக்கா கணிப்பு சொல்ல முடியாம பண்ணிடும்னு. அஞ்சு நாளைக்கு சொல்றத ஓரளவு நம்பலாம், பத்து நாள்னா ஒரு குத்துமதிப்பு, அம்பதாவது நாளுக்கு நேரா ஒரு சூரியன் படம் போட்டிருந்தா அது பெரும்பாலும் பழைய சராசரி தான், அதுக்கு ஒரு படம் போட்டு வெச்சிருக்காங்க. மாசக்கணக்குல முன்னாடி பாக்கணும்னா வானிலை மையங்கள் வெளியிடற பருவகால கணிப்பு இருக்கு, பசிபிக் கடல் வழக்கத்த விட சூடா இருக்கற எல் நினோ வருஷமா, குளிர்ந்து இருக்கற லா நினா வருஷமான்னு பாத்து வழக்கத்த விட மழை கூட இருக்க வாய்ப்பா குறைய இருக்க வாய்ப்பான்னு மட்டும் அது சொல்லும், தேதி சொல்லாது.

தேதியே சொல்ல முடியாத ஒரு விஷயத்துக்கு நீங்க ரீஃபண்ட் இல்லாத டிக்கெட் போடப் போறீங்க. அந்த டிக்கெட்ல மிச்சம் ஆகற காசு யார் தலைல விடியும்னு யோசிச்சீங்களா? வெயில் ஏறும், கேன்சல் பண்ணா காசு போயிடுமேன்னு கிளம்புவீங்க, அம்மா மறுபடியும் ரூம்ல இருப்பாங்க. தேதி மாத்த முடியற டிக்கெட், கடைசி ரெண்டு நாள் வரைக்கும் கேன்சல் பண்ண விடற ரூம், இதுக்கு கூட ஆகற காச அம்மாவுக்கான செலவா நினைச்சுக்கோங்க, அதுக்காக ட்ரிப்ப ஒரு நாள் குறைச்சாலும் பரவால்ல. இன்சூரன்ஸ் எடுக்கறதா இருந்தா டிக்கெட் போடற அன்னைக்கே எடுங்க, புயலுக்கு பேரு வெச்சதுக்கு அப்புறம் எடுத்தா அந்த புயலால வர்ற நஷ்டத்துக்கு பொதுவா காசு தர மாட்டாங்க. ஃப்ளைட்னா காலைல முதல்ல கிளம்பறதா பாருங்க, இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல தான் கட்டும்.

லிஸ்ட்ட பாதியாக்குங்க. இது தான் ரொம்ப முக்கியம், இத செய்யாம மத்த எல்லாத்தையும் செஞ்சும் பிரயோஜனம் இல்ல. ஒரு நாளைக்கு ஒரு இடம், விடிஞ்சதும் கிளம்பி பத்து மணிக்குள்ள திரும்பிடணும், மதியம் அஞ்சு பேரும் ரூம்ல, சாயங்காலம் அம்மாவுக்கு முடிஞ்சா ஒரு நடை. 2023 ஜூலைல கிரீஸ் நாட்டு ஏதென்ஸ்ல, பழங்காலக் கோயில்கள் இருக்கற அக்ரோபோலிஸ் குன்றையே வெயில் தாங்காம மதிய நேரத்துல மூடி வெச்சாங்க, உலகமே வந்து பாக்கற இடத்த வெச்சிருக்கறவங்களே வேண்டாம்னு கதவ மூடும்போது நீங்க உங்க லிஸ்ட்ட மூடி வெக்கலாம். நடுவுல ஒரு நாள எதுவும் போடாம காலியா விடுங்க, மழையோ வெயிலோ வந்தா அந்த நாள் தாங்கிக்கும்.

அப்புறம் ஒரு ஏற்பாடு, கிளம்பறதுக்கு முன்னாடியே மனைவிகிட்டயும் பசங்ககிட்டயும் பேசி முடிவு பண்ணிடுங்க: அம்மா ரூம்ல இருந்தா யாராவது ஒருத்தர் அவங்க கூட இருக்கணும். முறை வெச்சுக்கோங்க, முதல் முறை உங்களோடது. அது மனைவி தலைல போய் விழக்கூடாது, அவங்க மாமியார்ங்கறதுக்கு முன்னாடி அவங்க உங்க அம்மா. பசங்களுக்கும் முறை உண்டு, பாட்டிய விட்டுட்டு போறது சகஜம்னு போன வருஷம் அவங்களுக்கு நீங்க தான் கத்துக்குடுத்தீங்க, மாத்திக் குடுக்க வேண்டியதும் நீங்க தான். குடும்பமா போறதுன்னா அதுல மெதுவா நடக்கறவங்க நடைக்குத்தான் எல்லாரும் நடக்கணும், அது முடியாதுன்னா நண்பர்களோட தனியா போயிட்டு வாங்க, அம்மாவ அவங்க வீட்டுல நிம்மதியா இருக்க விடுங்க.

மாசத்த இப்போ முடிவு பண்ணாதீங்க. இன்னைக்கு ராத்திரி அம்மா பக்கத்துல போய் உக்காருங்க. எங்க போலாம்னு கேக்காதீங்க, எங்கன்னாலும் சரின்னு தான் சொல்வாங்க. போன வருஷம் அந்த மூணு நாளும் ரூம்ல என்னம்மா பண்ணீங்கன்னு கேளுங்க. ஒன்னும் இல்லப்பா, தூங்கினேன்னு சொல்வாங்க. எழுந்திருச்சு போயிடாம அங்கயே உக்காந்திருங்க.