விடிஐ-க்கு ஷேர்டு ஸ்டோரேஜ் வாங்குவதா, சர்வரிலேயே லோக்கல் டிஸ்க் போதுமா?

விடிஐ என்றால் ஆளுக்கான டெஸ்க்டாப் அவர் மேசையில் இல்லாமல் சர்வரில் ஓடுவது; திரை மட்டும் அவர் முன்னால். ஷேர்டு ஸ்டோரேஜ் என்றால் எல்லா சர்வரும் சேர்ந்து பயன்படுத்தும் தனி டிஸ்க் பெட்டி. எத்தனை டெஸ்க்டாப் என்று நீங்கள் சொல்லவில்லை. நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் அலுவலகம் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தக் குழப்பம் பெரும்பாலும் அந்த அளவில்தான் வரும்.

லாகவுட் செய்ததும் அழிந்து மறுநாள் புதிதாக வரும் பூல் டெஸ்க்டாப் என்றால் லோக்கல் எஸ்எஸ்டி போடுங்கள். ஆளுக்கு ஒன்று, அதில் அவர் வைத்தது வைத்தபடி இருக்கவேண்டும் என்றால் ஷேர்டுக்குப் போங்கள்.

சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகத்தில் 150 டெஸ்க்டாப் என் பொறுப்பில் இருந்தன. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகவே விடிஐ. எல்லாம் பூல் டெஸ்க்டாப்தான், ஆனாலும் ஷேர்டு ஸ்டோரேஜ் வாங்கியிருந்தார்கள். 24 சுழலும் டிஸ்க், 10,000 ஆர்பிஎம், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை). விற்றவர் எத்தனை டிபி என்று மட்டும் காட்டினார், நாங்களும் அதை மட்டும்தான் பார்த்தோம்.

அமெரிக்க ஷிஃப்ட். மாலை 6.30க்கு கேப்கள் வரிசையாக வந்து நிற்கும். பத்து நிமிடத்துக்குள் 150 பேரும் லாகின் செய்வார்கள். முதல் வாரமே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வர் அறைக்கு ஓடினேன். வழக்கமாக மினுக்மினுக்கென்று இருக்கும் டிஸ்க் விளக்குகள் இமைக்காமல் பச்சையாக எரிந்தன. டிஸ்க் பதில் சொல்ல 80 மில்லி செகண்டுக்கு மேல் எடுத்தது. எல்லோரும் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. அந்த ரக டிஸ்க் ஒன்று சுமார் 140 ஐஓபிஎஸ் தரும், அதாவது ஒரு செகண்டில் அத்தனை முறை படிக்கவோ எழுதவோ செய்யும். 24-க்கு 3,360. விடிஐ-யில் படிப்பதைவிட எழுதுவதுதான் அதிகம், எங்களிடம் 80 சதவீதம். ரெய்டு 5-இல் ஒரு முறை எழுத டிஸ்க்கில் நான்கு வேலை, படிக்க ஒன்று; சராசரியாக 3.4. அப்படியானால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 990. தலைக்கு ஆறரை. சாதாரணமாக வேலை செய்யவே பத்து, பதினைந்து வேண்டும், லாகின் நேரத்தில் அதைவிடப் பல மடங்கு. எழுத இரண்டே வேலை பிடிக்கும் ரெய்டு 10-ஆக மாற்றியிருந்தாலும் பன்னிரண்டுதான் வந்திருக்கும்.

கடைசியில் ஆறு சர்வரிலும் இரண்டிரண்டு எஸ்எஸ்டி, மிரர் போட்டு (ஒன்றில் இருப்பதே மற்றதிலும்), டெஸ்க்டாப்களை அங்கே இறக்கினோம். ஐந்து சர்வரே போதும், ஆறாவது ஒன்று விழுந்தால் தாங்குவதற்கு. யூசர் ப்ரொஃபைலும் கோப்புகளும் பழைய ஷேர்டு ஸ்டோரேஜிலேயே இருந்தன. ஒரு சர்வர் போனால் அதிலிருந்தவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள், சேமிக்காதது போகும். ஆனால் மறுபடி லாகின் செய்தால் வேறு சர்வரில் டெஸ்க்டாப் கிடைத்துவிடும். அதனால்தான் பூல் என்றால் லோக்கலுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறேன். சொந்த டெஸ்க்டாப்பை லோக்கலில் வைத்தால் இது நடக்காது. சர்வர் எழும்வரை அவர் சும்மா உட்கார வேண்டும்.

"ஆல்-ஃப்ளாஷ் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை" என்று யாராவது சொல்வார்கள். முழுக்க எஸ்எஸ்டி-யாலான ஷேர்டு ஸ்டோரேஜைச் சொல்கிறார்கள். பட்ஜெட் இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. 2014-இல் விஎம்வேரின் விசான் என்ற மென்பொருள் வந்த பிறகு லோக்கல் டிஸ்க்குகளையே சேர்த்து ஷேர்டாக்கும் வழியும் இருக்கிறது, அதுவும் தெரியும். அதற்கு லைசென்ஸும் நல்ல நெட்வொர்க்கும் வேண்டும். லோக்கலிலும் தொல்லை உண்டு: எல்லா டெஸ்க்டாப்புக்கும் அச்சான மாஸ்டர் இமேஜை மாற்றினால் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். விலை மலிவு என்று ரீட்-இன்டென்சிவ் (படிப்பதற்கென்றே செய்த) எஸ்எஸ்டி வாங்காதீர்கள், எழுதி எழுதியே தேய்ந்துவிடும். ஒரு நாளில் முழு டிஸ்க்கையும் மூன்று முறை எழுதத் தாங்கும் ரகமாகப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்தில் லாகின் நேரம்தான் அட்டெண்டன்ஸ். டெஸ்க்டாப் வராமல் சீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வாரம் முழுக்க லேட் போட்டார்கள். மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். ஒரு பெண் 6.25-க்கே வந்து உட்கார்ந்ததை நோட்டில் எழுதி, டீம் லீடிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். அந்த நோட்டையும் டிஸ்க் கிராஃபையும் ஹெச்ஆரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "சிஸ்டத்தில் இருப்பதுதான் கணக்கு" என்றார்கள். பணம் திரும்பி வரவே இல்லை. தவறு எங்கள் ஸ்டோரேஜில், வெட்டு அவர்கள் சம்பளத்தில்.