கல்லீரல் அறுவை ஆய்வுக்கான விலங்கு மாதிரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்லீரலில் ஒரு பகுதியை அகற்றியபின் மீதி எப்படி வளர்கிறது என்று ஆராயப் போகிறேன். எலி போதுமா, பன்றி வேண்டுமா?

பதில்: வளர்ச்சியைத் தூண்டும் மூலக்கூறுகளைத் தேடுகிறீர்கள் என்றால் எலியே போதும். 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் விவரித்த முறைப்படி, கல்லீரலின் பிரிவுகளான மடல்களில் நடு மடலையும் இடப்பக்க மடலையும் அடியில் கட்டி வெட்டியெடுத்தால் கல்லீரலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மடல்கள் தனித்தனியாகப் பிரிந்திருப்பதால் எஞ்சிய திசு காயப்படுவதில்லை. வெட்டிய மடல்கள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவையே பெருத்து, 7 முதல் 10 நாட்களில் பழைய எடையை நெருங்குகின்றன. திசுவை ஊடறுக்கும் கருவியையோ இரத்தக்கசிவை நிறுத்தும் முறையையோ சோதிப்பதானால், இரத்தக்குழாய்களின் அளவில் மனிதரை ஒத்த பன்றியே பொருத்தம். ஆனால் குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையை நெடுநேரம் அடைத்து வைப்பதைப் பன்றி தாங்காது.

கேள்வி: எங்கள் எலிகளில் பல, அறுவைக்குப் பின் இரண்டு நாட்களுக்குள் இறந்துவிடுகின்றன. காரணம் என்ன?

பதில்: முதலில் முடிச்சு விழுந்த இடத்தைப் பாருங்கள். நடு மடலின் கட்டு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை ஒட்டி விழுந்தால் இரத்தம் வெளியேறும் வழி குறுகி, எஞ்சிய மடல்கள் கருநீலமாகி வீங்கும்; தள்ளி விழுந்தாலோ இரத்த ஓட்டமற்ற அடித்துண்டு அழுகத் தொடங்கும். ஆகவே வயிற்றை மூடுமுன் ஓரிரு நிமிடம் பொறுத்து, எஞ்சிய மடல்களின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். வெட்டிய மடல்களை ஒவ்வொரு முறையும் எடை போடுங்கள். நினைத்ததைவிட அதிகமாக அகற்றியிருப்பது அப்போதுதான் தெரியவரும். குளுக்கோசைச் சேமித்து வழங்கும் திசுவின் பெரும்பகுதி போய்விட்டதால் இரத்தச் சர்க்கரை சரியும். எனவே குடிநீரில் குளுக்கோஸ் கலந்து கொடுத்து, உடல் குளிராமல் காப்பதும் கட்டாயம். மயக்கத்துக்கு, கல்லீரலில் மிகக் குறைவாகவே சிதையும் ஐசோஃப்ளுரேன் நல்லது.

கேள்வி: எலியில் கிடைத்த முடிவு சுண்டெலியில் கிடைக்கவில்லையே?

பதில்: திசுவை எடுத்த நேரத்தைச் சரிபாருங்கள். செல்கள் பிரிவதற்கு முன் நடக்கும் டி.என்.ஏ. உருவாக்கம், கல்லீரல் செல்களில் அறுவைக்குப் பின் எலியில் சுமார் 24 மணி நேரத்தில் உச்சம் தொடும்; சுண்டெலியில் அதற்கு 36 மணி நேரத்துக்கும் மேலாகும். அறுவையை எப்போதும் நாளின் ஒரே வேளையில் செய்வதும் முக்கியம்.

கேள்வி: ஆரோக்கியமான விலங்குகளில் கிடைக்கும் முடிவு நோயாளிகளுக்குப் பொருந்துமா?

பதில்: அதை மட்டும் வைத்துக்கொண்டு பொருந்தும் என்று சொல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அறுவை மேசைக்கு வரும் கல்லீரல்களில் பல கொழுப்பு படிந்தவை, தழும்பேறியவை, கீமோதெரபி மருந்துகளைச் சந்தித்தவை. கார்பன் டெட்ராகுளோரைடைப் பல வாரங்கள் கொடுத்தோ பித்தநாளத்தைக் கட்டியோ தழும்பேற்றிய எலிகளிலும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்; அவை பெரிய வெட்டைத் தாங்காது என்பதால் அகற்றும் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வலிநிவாரணி முடிவுகளைக் குழப்பும் என்று தவிர்க்கலாமா?

பதில்: கூடாது. வலியால் விலங்கு உண்ணாமல் கிடப்பதும் அதன் உடல் நெருக்கடிக்கு உள்ளாவதும் முடிவுகளை இன்னும் மோசமாகக் குழப்பும். கல்லீரலுக்கு நஞ்சாகக்கூடிய பாரசிட்டமாலை விடுத்து வேறு மருந்தைத் தேர்ந்து, வயிற்றை மட்டும் திறந்து மூடிய ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதையே அதே அளவில் கொடுங்கள்.