மனச்சிதைவு: குணமானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். ஆறு மாதமாகக் காதில் குரல் கேட்பதில்லை. மாத்திரையை நிறுத்தலாமா?

இப்போது வேண்டாம். குரல் அடங்கியிருப்பதே பெரும்பாலும் மாத்திரையால்தான். முதல் முறை வந்த நோய்க்கே குணமான பிறகு குறைந்தது ஓரிரு ஆண்டுகள் தொடரச் சொல்வார்கள். குறைப்பதையும் மருத்துவர்தான் படிப்படியாகச் செய்ய வேண்டும். நிறுத்திய மறுநாளே பெரும்பாலும் எதுவும் ஆகாது. அதுதான் ஏமாற்றும். வாரங்களோ மாதங்களோ கழித்துத் தூக்கம் கெடும், சந்தேகம் தலைதூக்கும், தனியே முணுமுணுப்பார். தூக்கம் கெடும்போதே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அவர் ஏன் நிறுத்த விரும்புகிறார் என்றும் கேளுங்கள். கை நடுக்கம், உடல் இறுக்கம், எடை கூடுவது, பகல் தூக்கம் எல்லாம் உண்மையான தொல்லைகள். அளவையோ மருந்தையோ மருத்துவர் மாற்றித் தரலாம். தினமும் விழுங்கச் சிரமமென்றால், இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

வீட்டில் ஓயாத குத்தல் பேச்சு நோயைத் திரும்ப அழைத்துவரும். "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள்; ஆர்வம் வற்றுவதும் நோயின் அறிகுறியே. கட்டியும் வைக்காதீர்கள். 2001இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகத்தில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள், பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல். சங்கிலியால் கட்டிவைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள், கட்டணமில்லை.