பென்சில் சண்டை, காலை வயிற்றுவலி: சின்னப் பிள்ளைகளின் மனசு பற்றிக் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பாம்பன், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்: ஒரு பையன் பென்சிலுக்குக்கூடக் கை நீட்டிவிடுகிறான். 'ஸாரி' சொல்லச் சொன்னால் உடனே சொல்கிறான். அடுத்த பீரியடே மறுபடியும் அடி. என்ன செய்வது, டீச்சர்?

அவனுக்கு அந்த 'ஸாரி' வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது, தம்பி. நீங்கள் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டு அவனிடம் கேளுங்கள். கோபம் தணிந்த பிறகுதான், அதற்கு முன்னால் வேண்டாம். 'ஏன் அடிச்சே?' என்று ஆரம்பித்தால் 'அவன்தான் முதல்ல' என்பதற்கு மேல் ஒன்றும் வராது. என்ன நடந்தது, அப்போது உனக்கு எப்படி இருந்தது, நீ அடித்ததும் அவன் என்ன செய்தான், வேறு என்ன செய்திருக்கலாம் என்று போங்கள். பேச்சு இப்படி ஓடும்:

"டீச்சர்கிட்ட சொல்வேன்."
"சரி, அது ஒண்ணு. வேற?"
"பிடுங்கிருவேன்."
"பிடுங்கினா என்ன ஆகும்?"
"அழுவான். அப்புறம் என்கூட விளையாட வரமாட்டான்."
"வேற?"
"என் ரப்பரைக் குடுத்துட்டுக் கேப்பேன்."

'பிடுங்கிருவேன்' என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டால்தான் அதன் விளைவை அவனே சொல்வான். ரப்பர் யோசனையை நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பான், அவ்வளவுதான்.

தேவிபட்டினம், ஒரு தந்தை: ஆறு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு யோசிக்கத் தெரியுமா?

நாலு வயசுக்கே தெரியும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மிர்னா ஷூர், ஜார்ஜ் ஸ்பிவாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970களில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் பழக்கினார்கள். ஒரு சிக்கலுக்குப் பல வழி யோசிக்கிற பிள்ளைகள் மற்றவர்களோடு ஒத்துப்போவதையும், அவசரப்பட்டுக் கை ஓங்குவது குறைவதையும் பார்த்தார்கள்.

மண்டபம், ஆசிரியை: கோபம் வந்தால் ஆமை மாதிரி ஓட்டுக்குள் போய் மூச்சு விடணும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் செய்து காட்டினேன். ஒரு பையன் எழுந்து 'ஆமை தலையை உள்ள இழுக்காது டீச்சர்' என்றான். வகுப்பே சிரித்துவிட்டது.

அவன் சொன்னதுதான் சரி! நம் கடலில் இருக்கிற ஆமைக்குத் தலையை உள்ளே இழுக்க வராது. நிலத்து ஆமையை வைத்து வெளியூரில் உருவாக்கிய பயிற்சி அது. அவனைப் பாராட்டிவிட்டு, சங்குக்குள் குடியிருக்கும் நண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டால் சட்டென்று உள்ளே போகும், கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எட்டிப் பார்க்கும். கரையில் அதைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. கையைக் கட்டிக்கொள், மூணு தடவை மெதுவாக மூச்சு விடு, பிறகு எட்டிப் பார். ஒன்று மட்டும் கவனம்: யாரும் கோபமாக இல்லாத நேரத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள். சண்டைக்கு நடுவில் புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது.

தங்கச்சிமடம், ஒரு தாய்: வீட்டுக்காரர் போன படகை இலங்கை நேவி பிடித்துவிட்டது. ஒண்ணாவது படிக்கிற மகள் தினமும் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். அப்பா நாளைக்கு வந்துடுவார் என்று சொல்லி அனுப்புகிறேன்.

அந்த 'நாளைக்கு'தான் வேண்டாம், தாயீ. நாளைக்கு வராவிட்டால் நீங்கள் சொல்கிற எதையும் நம்பமாட்டாள். தெரிந்ததை மட்டும் சின்னதாகச் சொல்லுங்கள்: "அப்பாவைப் பிடிச்சு வச்சிருக்காங்க. கூட்டிட்டு வரப் பெரியவங்க பேசிட்டு இருக்காங்க. எப்ப வருவாங்கன்னு தெரிஞ்சதும் உனக்குத்தான் முதல்ல சொல்வேன்." தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது அவள் காதிலும் விழும். அதற்கு முன்னால் உங்கள் வாயால் கேட்கட்டும்.

வயிற்றுவலியை நடிப்பு என்று தள்ளாதீர்கள். பயம் பிள்ளைகளுக்கு வயிற்றில்தான் தெரியும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், உடம்பில் ஒன்றுமில்லை என்றால் பள்ளிக்கூடத்தை விடவேண்டாம். பழகின பெஞ்சும் கூட்டாளிகளும் இந்த நேரத்தில் பெரிய துணை. வகுப்பு டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அப்பாவுக்குக் காட்ட தினமும் ஒரு படம் வரையட்டும். காத்திருக்கும்போது கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், பெரியவர்களுக்கும்தான். தூக்கம், சாப்பாடு கெட்டு வாரக்கணக்கில் இழுத்தால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கீழக்கரை, ஒரு பாட்டி: பேரனுடைய வாப்பா துபாயில். வீடியோ காலில் பார்த்தாலே அழுகிறான். ஆம்பளைப் பிள்ளை இப்படி அழலாமா?

அழட்டும். 'வாப்பாவைத் தேடுதா?' என்று கேட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். போனைப் பிடித்துப் 'பேசு, பேசு' என்று மட்டும் வற்புறுத்த வேண்டாம்.

தொண்டி, ஆசிரியர்: பாடம் முடிக்கவே நேரமில்லை. இதற்கென்று தனி பீரியடுக்கு எங்கே போவது?

தனி பீரியட் கேட்கவே இல்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா'வுக்குப் பதிலாக அன்றைய மனநிலையை ஒரு வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரம் எல்லாரும் 'சந்தோஷம்' என்றுதான் சொல்வார்கள். நீங்கள் ஒரு நாள் 'இன்னைக்கு எனக்கு எரிச்சலா இருக்கு, பஸ் கிடைக்கல' என்று சொல்லிப் பாருங்கள். மறுநாளிலிருந்து பயம், கூச்சம், சலிப்பு எல்லாம் வரும். சொல்லப் பிடிக்காதவன் 'உள்ளேன் ஐயா' என்றே சொல்லிக்கொள்ளட்டும். யாராவது 'பயம்' என்றால் அங்கேயே நோண்டாதீர்கள், இடைவேளையில் பக்கத்தில் போய்க் கேளுங்கள்.