ஜோ லூயிஸ் ஏன் மீண்டும் களமிறங்கினார்?

கேள்வி: ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் யாராலும் அசைக்க முடியாதிருந்த ஜோ லூயிஸ், பிற்காலத்தில் கடனாளியாகி மல்யுத்த மேடை ஏறிப் பிழைத்ததாக அறிந்தேன். அவருடைய ஊதாரித்தனம்தான் இதற்குக் காரணமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: அவர் கை தாராளமானது என்பது உண்மை. ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி என்று கருதுகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏழைக் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1914இல் பிறந்து, டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்து வளர்ந்தவர் அவர். பஞ்ச காலத்தில் தம் குடும்பம் அந்நகர நிர்வாகத்திடம் பெற்ற உதவித்தொகையை, கையில் பணம் வந்ததும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர். பணத்தின் அருமை தெரியாதவர் இப்படிச் செய்ய மாட்டார்.

1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் அப்போதைய சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்கை எட்டாவது சுற்றில் வீழ்த்தி அவர் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றார். 1915இல் கறுப்பின வீரரான ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு, 22 ஆண்டுகளாக எந்தக் கறுப்பினத்தவருக்கும் அந்தப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே தரப்படவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த வெற்றியின் கனம் புரியும். அதன்பின் 25 முறை பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஹெவிவெயிட் பிரிவில் அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை.

சரிவின் விதை அவருடைய நற்செயல் ஒன்றிலேயே இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. 1942இன் தொடக்கத்தில் படி பேரையும் ஏப் சைமனையும் வென்றபோது, தமக்குக் கிடைத்த பரிசுத்தொகையைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கினார். தாமும் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து, போர் முடியும் வரை வீரர்களுக்காகக் கண்காட்சிச் சண்டைகள் நடத்தினார். ஆனால் நன்கொடையாகப் போன அந்தத் தொகையையும் வருமானவரித் துறை அவருடைய வருமானமாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது. பட்டத்துக்கான சண்டைகள் நின்றுபோன அந்த ஆண்டுகளில் அவர் கடன் வாங்கித்தான் குடும்பச் செலவுகளைச் சமாளித்தார். 1946இல் பில்லி கானை இரண்டாம் முறை வென்று 6 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியபோதும், மேலாளர்களின் பங்கு, பழைய கடன், வரி என்று எல்லாம் போக அவர் கையில் மிஞ்சியது சொற்பமே. உணவகம், குளிர்பானம் என்று நண்பர்களை நம்பி இறங்கிய தொழில்களும் கைகொடுக்கவில்லை.

1949 மார்ச்சில், 34 வயதில், பட்டத்தை யாரிடமும் இழக்காமலேயே துறந்து ஓய்வு பெற்றார். அங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வரிப் பாக்கி வட்டியும் அபராதமுமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதை அடைக்க அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றே. அதில் ஈட்டும் பணத்துக்கோ அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உச்ச வரி விகிதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே, சண்டையிட்டால் புதிய வரி ஏறும், சண்டையிடாவிட்டால் பழைய பாக்கிக்கு வட்டி ஏறும் என்ற நிலையில், அசல் பாக்கியைத் தொடவே முடியாத ஒரு சுழலில் அவர் சிக்கினார். 1950 செப்டம்பரில் எஸார்ட் சார்ல்ஸிடம் 15 சுற்றுகள் அடி வாங்கித் தோற்றார். 1951 அக்டோபரில், தம்மைவிட ஒன்பது வயது இளையவரான ராக்கி மார்சியானோவின் குத்தில் எட்டாவது சுற்றில் கயிறுகளுக்கிடையே சரிந்து விழுந்தார். அவருடைய தொழில்முறை வாழ்க்கையின் மூன்றே தோல்விகளில் இரண்டு, ஓய்வுக்குப் பின் பணத்துக்காக மேடையேறியபோது வந்தவை என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

மல்யுத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. கடைசி ஆண்டுகளில் லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் விடுதியில் விருந்தினர்களை வரவேற்கும் பணியில் இருந்தார். 1981 ஏப்ரல் 12 அன்று காலமானார்.

கேள்வி: அவருடைய முதல் தோல்வி யாரிடம்? அந்த எதிரி நாஜி என்கிறார்களே?
– மதுரை வாசகர்

பதில்: ஜெர்மானியரான மேக்ஸ் ஷ்மெலிங்கிடம், 1936 ஜூன் 19 அன்று, பன்னிரண்டாவது சுற்றில். லூயிஸ் இடது கையால் குத்திவிட்டு அதைத் தாழ்த்துகிறார் என்பதைக் கூர்ந்து கவனித்து, அந்த இடைவெளியில் வலது கையை இறக்கியே ஷ்மெலிங் வென்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் யாங்கி ஸ்டேடியத்தில் லூயிஸ் அவரை 124 வினாடிகளில் வீழ்த்திக் கணக்கைத் தீர்த்தார். ஹிட்லர் அரசு ஷ்மெலிங்கைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை, யூதரான தம் மேலாளரைக் கைவிடவும் மறுத்தார். போருக்குப் பின் இருவரும் நண்பர்களாயினர். நொடித்துப்போன லூயிசுக்குப் பண உதவி செய்த ஷ்மெலிங், அவருடைய இறுதிச் சடங்குச் செலவிலும் பங்கேற்றார்.