மின்னியல் கேள்வி–பதில்: ஐ-ட்ரிபிள்-ஈ உறுப்பினர் அட்டையும் காசிமேட்டு கெபாசிட்டரும்

தண்டையார்பேட்டை மாணவி ஒருவர்: இ.இ.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐ-ட்ரிபிள்-ஈயில் (IEEE, மின்–மின்னணுப் பொறியாளர் சங்கம்) சேர்ந்தால் கேம்பஸில் வேலை நிச்சயம் என்கிறார்கள் சீனியர்கள். பணம் கட்டலாமா? ஐ.டி.ஐ. முடித்து வயர்மேன் வேலை பார்க்கும் என் அண்ணனும் சேர்ந்தால் லைசென்ஸுக்கு உதவுமா?

வேலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அப்படிச் சொல்லி ஆள் சேர்ப்பது தவறு. 1884-ல் தொடங்கிய அமெரிக்க மின் பொறியாளர் கழகமும் 1912-ல் தொடங்கிய ரேடியோ பொறியாளர் கழகமும் 1963 ஜனவரி 1 அன்று ஒன்றாகி உருவான சங்கம் இது. மாநாடு நடத்துவது, ஆய்விதழ் வெளியிடுவது, தொழில்நுட்பத் தரநிலைகள் எழுதுவது ஆகியவைதான் அதன் பெரிய வேலைகள். யாருக்கும் தொழில் உரிமம் தருவதில்லை. அண்ணனுக்குத் தேவையான வயர்மேன் தகுதிச் சான்றிதழைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில்தான் வாங்க வேண்டும். அதற்கு இந்த அட்டையால் ஒரு பயனும் இல்லை.

நீங்கள் சேரலாம். ஆனால் முதலில் உங்கள் கல்லூரியில் மாணவர் கிளை இருக்கிறதா, இருந்தால் உண்மையிலேயே இயங்குகிறதா என்று விசாரியுங்கள். பெயரளவில் கிளை இருக்கும் கல்லூரியில் பணம் கட்டினால் மாத இதழ் ‘ஸ்பெக்ட்ரம்’ வருவதோடு சரி. பலரும் ஏமாறும் இடம் இன்னொன்று: உறுப்பினரானால் சங்கத்தின் ‘எக்ஸ்ப்ளோர்’ இணைய நூலகத்தில் எல்லாக் கட்டுரைகளையும் முழுதாகப் படிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண உறுப்பினருக்குச் சுருக்கம் மட்டும்தான். முழுக் கட்டுரைக்குத் தனிச் சந்தா வேண்டும், இல்லையென்றால் கல்லூரி நூலகம் சந்தா கட்டியிருக்க வேண்டும். நூலகரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உறுப்பினர் ஆண்டு டிசம்பரில் முடியும். புதிதாகச் சேர்பவர் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை பாதிக் கட்டணம் கட்டினால் அந்த டிசம்பர் வரை செல்லும். அதற்குப் பிறகு முழுக் கட்டணம் கட்டினால் அடுத்த ஆண்டு டிசம்பர் வரை செல்லும். கட்டணத்தை டாலரில் கேட்டால் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் போய் நின்றுவிடும். சேர்ந்த பிறகு சும்மா இருக்காதீர்கள். 24 மணி நேர நிரல் போட்டியான ‘எக்ஸ்ட்ரீம்’ போன்றவற்றுக்குக் குழு சேருங்கள். நேர்முகத்தில் பேச அதுதான் உதவும், அட்டை உதவாது.

வியாசர்பாடி இறுதியாண்டு மாணவர்: ‘ஐ-ட்ரிபிள்-ஈ மாநாடு, எக்ஸ்ப்ளோரில் வெளியீடு உறுதி’ என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. நம்பலாமா?

‘உறுதி’ என்ற சொல்லே சந்தேகத்துக்கு இடம் தருகிறது. கட்டுரைகளைச் சங்கம் தன் தரப்பில் பார்த்த பிறகே எக்ஸ்ப்ளோரில் ஏற்றும். அதை எந்த அமைப்பாளரும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது. சங்கத்தின் தளத்தில் மாநாடுகளைத் தேடும் பகுதி இருக்கிறது. அழைப்பில் உள்ள பெயர், தேதி, ஊர் மூன்றும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். சென்ற ஆண்டுகளில் நடந்ததாகச் சொன்னால் அந்தக் கட்டுரைகள் எக்ஸ்ப்ளோரில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

உண்மையான மாநாடாகவே இருந்தாலும் பணம் கட்டிவிட்டு வாசிக்கப் போகாதவரின் கட்டுரையை எக்ஸ்ப்ளோரில் சேர்க்காமல் விட விதி இடம் தருகிறது. இறுதிப் பிரதியை, கோப்பைச் சரிபார்க்கும் இணையச் சேவையான ‘பி.டி.எஃப். எக்ஸ்பிரஸ்’ திருப்பி அனுப்பினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்துரு பதியாமல் போயிருக்கும், அல்லது புக்மார்க்கும் லிங்கும் மிச்சமிருக்கும். அவற்றைச் சரிசெய்து மறுபடி ஏற்றினால் போதும்.

காசிமேட்டிலிருந்து ஐஸ் ஃபேக்டரி உரிமையாளர்: எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு, 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 5% இம்பீடன்ஸ். பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனலில் 25 கே.வி.ஏ.ஆர். (ரியாக்டிவ் திறனின் அளவு) வீதம் 8 ஸ்டெப் கெபாசிட்டர். கம்ப்ரசர்களுக்கு டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டதிலிருந்து கெபாசிட்டர்கள் உப்புகின்றன, ஃபியூஸ் போகிறது. எல்லா ஸ்டெப்பும் ஏறியிருக்கும்போதுதான் இப்படி ஆகிறது. ‘ஐ-ட்ரிபிள்-ஈ 519 சர்ட்டிஃபிகேட் வாங்குங்கள்’ என்கிறார் ஒருவர்.

அப்படி ஒரு சர்ட்டிஃபிகேட்டை அந்தச் சங்கம் எந்த ஃபேக்டரிக்கும் தருவதில்லை. 519 என்பது ஹார்மானிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரும் வேண்டாத அலைகள்) எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு சொல்லும் ஆவணம். உங்களுக்கும் மின்வாரியத்துக்கும் பொதுவான இணைப்புப் புள்ளியில், அதாவது 11 கே.வி. பக்கம், வோல்டேஜின் மொத்த ஹார்மானிக்ஸ் 5%, தனி ஒன்று 3%. ஒரு நிமிடம் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்வது அளவீடு ஆகாது. 10 நிமிட மதிப்புகளாக ஒரு வாரம் பதிவு செய்து, அவற்றில் 95% இந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கோளாறு கணக்கிலேயே தெரிகிறது. 500-ஐ 0.05-ஆல் வகுத்தால் ஷார்ட் சர்க்யூட் திறன் 10,000 கே.வி.ஏ. அதை 200 கே.வி.ஏ.ஆரால் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் 7.07. ஆக, 8 ஸ்டெப்பும் ஏறும்போது டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் ஏறக்குறைய 7-ஆம் ஹார்மானிக்கில், 350 ஹெர்ட்ஸில், ஒத்ததிர்கின்றன (ரெசனன்ஸ்). வழக்கமான 6-பல்ஸ் வகை டிரைவ் அள்ளிக் கொட்டுவது 5, 7, 11, 13 ஆகியவற்றைத்தான். ஒத்ததிர்வில் அந்தக் கரண்ட் பல மடங்காகிக் கெபாசிட்டர் வழியாகச் சுழல்கிறது. எவ்வளவு தரமான கெபாசிட்டர் வாங்கினாலும் இது நிற்காது.

இந்த 200 கே.வி.ஏ.ஆர். இன்னும் தேவையா என்று முதலில் பாருங்கள். டிரைவ் வழியாக ஓடும் மோட்டாரின் ரியாக்டிவ் சுமை லைனுக்கு வருவதில்லை. பழைய அளவு முழுவதையும் ஏற்றி வைத்திருந்தால் பவர் ஃபேக்டர் லீடிங் பக்கம், அதாவது தேவைக்கு மேல் சரிசெய்த நிலைக்கு, போகலாம். தேவையானதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 7% டீட்யூன்ட் ரியாக்டர் (கெபாசிட்டரோடு தொடராக இணைக்கும் சுருள்) போடுங்கள். அது 189 ஹெர்ட்ஸில் டியூன் ஆவதால் 5-ஆம் ஹார்மானிக்கான 250 ஹெர்ட்ஸிலோ அதற்கு மேலோ ஒத்ததிராது.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரியாக்டர் சேர்ந்ததும் கெபாசிட்டர் மேல் விழும் வோல்டேஜ் 7.5% கூடும். 415 வோல்ட் என்பது 446 ஆகும். இரவில் சப்ளை 440-க்கு ஏறினால் 473. ஆகவே பழைய 440 வோல்ட் கெபாசிட்டரை அதே பேனலில் விடக்கூடாது. 525 வோல்ட் வாங்குங்கள். அதன் லேபிளில் 25 கே.வி.ஏ.ஆர். என்று இருந்தாலும் ரியாக்டரோடு 415-ல் கிடைப்பது சுமார் 16.8தான். இதைக் கணக்கில் எடுத்து ஆர்டர் கொடுங்கள். பாதி ஸ்டெப்புக்கு ரியாக்டர் போட்டுப் பாதியைச் சும்மா விடுவதும் ஆபத்து. பழைய ஒத்ததிர்வு வேறு இடத்தில் முளைக்கும். டிரைவ்களின் இன்புட்டில் 3% லைன் சோக் போட்டால் ஹார்மானிக்ஸ் பிறக்கும் இடத்திலேயே கணிசமாகக் குறையும்.

ரியாக்டர் சூடாகும். கெபாசிட்டருக்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள், காற்றோட்டம் விடுங்கள். துறைமுகத்து உப்புக் காற்றில் டெர்மினல் பூத்துப்போகும், வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனை) நல்லது. ஒன்றை மட்டும் கட்டாயம் பின்பற்றுங்கள்: உப்பிய கெபாசிட்டரின் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் உடைந்திருக்கலாம். அணைத்து 5 நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்து வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்து, டெர்மினல்களை ஷார்ட் செய்த பிறகே உங்கள் ஆட்களைக் கை வைக்க விடுங்கள்.

பெரம்பூர் வாசகர்: எங்கள் அடுக்ககத்தில் இரவானால் வைஃபை திணறுகிறது. இதற்கும் இந்தச் சங்கத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வைஃபைக்கு அடிப்படையான 802.11 அவர்களுடைய தரநிலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு சிக்னலுக்கு வேண்டியதோ 20. அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11. பக்கத்து வீட்டுக்காரர் 3-லோ 8-லோ வைத்திருந்தால் எல்லாருக்கும் தொல்லை. போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு, இம்மூன்றில் கூட்டம் குறைந்ததை ரவுட்டரில் வையுங்கள், அகலத்தை 20 என்றே விடுங்கள். டி.வி.யையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். அது சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும் என்பதால் ரவுட்டரை அலமாரிக்குள் பூட்டாமல் ஹாலிலேயே உயரத்தில் வையுங்கள்.